இருபது செக்கன்

அவளுடைய பெயரை எழுதப்போவதில்லை. அவளைக் காப்பாற்றுவதற்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன இடம். பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிப்பார்கள், ஆளைக் கண்டுபிடித்தால் அடுத்ததாக என்னைக் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பயம்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

நான் பொறுப்பாக இருக்கும் அலுவலகம் நகரில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். அப்போது நாங்கள் பன்னிரண்டு பேர். தெற்கே வெகுதொலைவிலுள்ள ஒரு நாட்டில், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு பெரிய நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். அதில் வேலை செய்யும் தாதிமாரும் அலுவலர்களும் ஒரே ஓர் இணையத்தளத்துக்குள்தான் கூடுவார்கள். இன்றைக்கு யாருக்கு எந்த வீடு, எந்தக் கிழவர் மருந்தைத் துப்பினார், எந்தக் கிழவி குளியலறையில் விழுந்தார், எல்லாக் குறிப்பும் அதற்குள். ஆளோடு ஆள் கதைப்பதும் கோப்பு அனுப்புவதும் அதற்குள். அந்தத் தளத்தைத் தாங்குகிற சேர்வர் கணினிகளைச் சுணக்கமில்லாமல், வேகமாக ஓடவைப்பது எங்கள் வேலை. அவர்களுடைய பின்னேரம் எங்களுக்குக் காலை பதினொரு மணி. தாதிமார் எல்லாரும் வேலை முடித்துக் குறிப்பு எழுதக் குந்தும் நேரம் அது. சேர்வருக்கு மூச்சு முட்டும். அதனால் எங்கள் அலுவலகத்தில் பதினொரு மணித் தேத்தண்ணி பன்னிரண்டரைக்குத்தான் வரும்.

அவள் சேர்ந்தது தொலைபேசி எடுக்க. குருநகர்ப் பிள்ளை. தகப்பனும் தமையனும் கடற்தொழில். உயர்தரம் முடித்து ஒரு கணினி டிப்ளோமா செய்திருந்தாள், பட்டம் கிடையாது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். தளம் சுணங்குகிறது என்று அங்கிருந்து அழைப்பு வந்தால் நாங்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வோம்: ஐந்து நிமிடம் கழித்து முயன்று பாருங்கள். சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். அவள் வைக்கமாட்டாள். இப்போது திரையில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கேட்பாள். பிறகு தானும் அதே பக்கத்தைத் திறந்துவிட்டு, "ஐ ஆல்சோ வெயிற்றிங்" என்பாள். அந்தப் பக்கம் திறக்கும்வரை அவள் காதில் தொலைபேசி இருக்கும். சிலவேளை ஒரு வார்த்தையும் இல்லாமல், பூமியின் அந்தக் கோடியில் ஒருத்தியும் இந்தக் கோடியில் ஒருத்தியும் சும்மா இருப்பார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே அதுதான். அவளை வாசலில் கண்டால் பொடியள் ஒன்றாகச் சொல்வார்கள், "ஐ ஆல்சோ வெயிற்றிங்." அவளும் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஆனால் அந்த மினக்கேட்டால்தான் நாங்கள் ஒருமுறை தப்பினோம். ஊழியர் பட்டியல் உள்ள பக்கம் மாதக்கணக்காகச் சுணங்கிக்கொண்டிருந்தது. நான் சேர்வரின் நினைவகத்தைக் கூட்டினேன். தரவுத்தளத்தைத் தலைகீழாகப் புரட்டினேன். ஒன்றும் அசையவில்லை. அவள் அந்த நாட்டின் தென்கோடித் தீவொன்றில் இருந்த ஒரு வயதான தாதியிடம், காத்திருக்கும்போது முதலில் என்ன வருகிறது என்று கேட்டாள். முகங்கள் என்றாளாம் அந்த மனுசி. ஒவ்வொரு முகமாக, நெற்றியிலிருந்து நாடிவரை, மெல்ல மெல்ல. ஊழியர்கள் ஏற்றிய படங்களைச் சிறிதாக்காமல், சுவரில் மாட்டும் அளவிலேயே எங்கள் தளம் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. படங்களைச் சிறிதாக்கினோம். பட்டியல் பாய்ந்து வந்தது.

அதற்குப் பிறகு அவளைச் சேர்வர் வேலைக்கு எடுத்தேன். பெருந்தன்மையாக எடுத்ததாக எல்லாருக்கும் காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் எரிச்சல். பட்டமும் சான்றிதழ்களும் சுவரில் தொங்க, நாலு மாதம் நான் தலையை விட்டுத் தேடியதை இவள் ஒரு கேள்வியில் எடுத்துவிட்டாளே என்று.

அவளுக்கு வரைபடங்களில் நம்பிக்கை இல்லை. கோடு நேராகப் போகிறது, சராசரி நன்றாக இருக்கிறது என்று நான் காட்டினால், "சராசரியிலை ஒருத்தரும் குந்தியிருக்கேல்லை அண்ணை. ஆருக்கு ஆகலும் சுணங்குதெண்டு பாருங்கோ" என்பாள். பட்டியலை எப்போதும் கீழிருந்துதான் வாசிப்பாள். கடைசியாக நிற்பவர் யார் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மற்றதெல்லாம்.

இது வேலையில் மட்டும் என்றால் பொறுத்திருக்கலாம். எங்கேயும் இதே கூத்துத்தான். ஒருமுறை அலுவலகமாகச் சுற்றுலா போய்த் திரும்பும்போது கொடிகாமத்தில் வான் வண்டியை நிறுத்தினோம். எல்லாரும் சந்தைக்குள் போய் மரக்கறி வாங்கி வந்து ஏறினோம். சாரதி புறப்படப் பார்த்தால் இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பதினொரு பேர்தான் இருக்கினம்."

"அவர் பின்னாலை பஸ்ஸிலை வருவார், ஏறும் பிள்ளை," என்றேன். காணாமல் போனவர் எங்கள் கணக்காளர். எந்த இடத்திலும் பிந்துகிறவர்.

"அவருக்குத் தெரியுமோ, தான் பஸ்ஸிலை வரவேணுமெண்டு?"

அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். கணக்காளர் ஒரு வாழைக்குலையோடு ஆடி அசைந்து வந்தார். அதுவரை எல்லாரும் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம், அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

அன்று வானில் என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். ஏன் பிள்ளை உமக்கு இந்தக் குணம் என்று பகிடியாகக் கேட்டேன். அவள் பகிடியாக எடுக்கவில்லை. "கரையிலை நிண்டு பாத்திருக்கிறியளோ அண்ணை? எத்தினை போட் வந்திட்டுதெண்டு அங்கை ஒருத்தரும் எண்ணுறேல்லை. ஆரின்ரை போட் வரேல்லை எண்டுதான் எண்ணுறது," என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இனி என் கதை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒரு மாதம் முழுவதும், பக்கம் திறக்கும் சராசரி நேரம் மூன்று செக்கனுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும். எங்கள் மாடிக்குப் பூட்டு. பன்னிரண்டு வீட்டுப் பிழைப்பு. நாங்கள் நேர்மையாக எல்லாம் செய்து பார்த்தோம். அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை முன்கூட்டியே தயாராக வைத்தோம், இரண்டு சேர்வர்களைக் கூட்டினோம், பாரமான தேடல்களை இலேசாக்கினோம். சராசரி ஐந்திலிருந்து நாலுக்கு வந்து, அங்கேயே குந்திக்கொண்டது.

அப்போது என் மூளை வேலை செய்தது. ஒரு பக்கம் இரண்டு நிமிடத்துக்குள் போய்ச் சேராவிட்டால் சேர்வர் அதைக் கைவிட்டு, 'மன்னிக்கவும், மீண்டும் முயலுங்கள்' என்று காட்டும். அந்த இரண்டு நிமிடத்தை நான் இருபது செக்கன் ஆக்கினேன். அவ்வளவுதான். ஓர் இடத்தில் ஓர் எண். இருபதைத் தாண்டியவை எல்லாம் அறுந்தன. அறுந்தவை 'தோல்வி' என்று வேறு ஒரு பட்டியலுக்குப் போயின. சராசரி எடுப்பதோ திறந்த பக்கங்களுக்கு மட்டும். நெடுநேரம் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கணக்கிலிருந்தே இல்லாமல் போனார்கள். தோல்விப் பட்டியலை நிபந்தனையில் யாரும் கேட்டிருக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு மலைபோல இருந்தால் மறைக்கலாம்.

அடுத்த நாள் சராசரி மூன்றுக்குக் கீழே. தரவுத்தளத்தில் ஒரு நுட்பமான திருத்தம் செய்ததாகச் சொன்னேன். றோல்சும் கேக்கும் எடுப்பித்தோம். பொடியள் என் தோளில் தட்டினார்கள்.

மூன்றாம் நாள் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணை, அந்தத் தென்கோடித் தீவிலை மூண்டு தாதிமாருக்குக் குறிப்பு போகுதில்லை. எழுதி முடிச்சு அனுப்பேக்கை அறுந்துபோகுதாம். எழுதினதும் இல்லாமல் போகுது."

"அங்கை லைன் மோசமாக்கும்."

"லைன் எப்பவும் மோசம்தானே. முந்திச் சுணங்கும், ஆனால் போகும். இப்ப சரியா இருபது செக்கனிலை அறுக்குது. நான் மணிக்கூடு பிடிச்சுப் பாத்தனான்."

"மெல்லக் கதையும்," என்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "ஒரு மாதம் மட்டும். ஒப்பந்தம் முடிஞ்ச உடனை பழையபடி ரெண்டு நிமிசமாக்கிப்போடுவன்," என்றேன்.

"உண்மையா மாத்துவியளோ?"

"நான் சொன்னால் செய்வன்."

"ஒரு மாதமெண்டால் நான் சமாளிக்கிறன்," என்றாள்.

எப்படிச் சமாளித்தாள் தெரியுமா? தினமும் பதினொரு மணிக்கு அந்த மூன்று பேரும் அவளை அழைப்பார்கள். தங்கள் குறிப்புகளைத் தொலைபேசியில் வாசிப்பார்கள். அவள் அவர்களுடைய கடவுச்சொல்லைப் போட்டு, அவர்களுடைய பெயரில் உள்ளே போய், இங்கே எங்கள் நல்ல இணைப்பில் இருந்து எழுதிவிடுவாள். விளங்காத சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்பாள். இன்னொருவரின் கடவுச்சொல்லைப் பாவிப்பது பெரிய பிழை, வேலை போகிற பிழை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மேசையிலிருந்து பார்த்தால் அவளுடைய முதுகு தெரியும். ஒரு மாதம் முழுக்க நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. அவள் அப்படிச் செய்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒப்பந்தம் கிடைத்தது. எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. ஆனால் புதிய ஒப்பந்தத்தில் அந்த மூன்று செக்கன் நிரந்தர விதியாகிவிட்டது. எல்லையைப் பழையபடி மாற்றினால் சராசரி திரும்ப நாலுக்கு ஏறும், ஏன் என்று கேட்பார்கள், நான் வாய் திறக்க வேண்டிவரும். ஒவ்வொரு திங்களும் அவள் கேட்பாள், "அண்ணை, அந்த இருபது?" நான் சொல்வேன், "அடுத்த கிழமை." இப்படியே இரண்டு மாதம் இழுத்தேன். அவளும் பதினொரு மணிக்கு அந்த மூன்று பேருக்காக எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிறகு வாடிக்கையாளரோடு காணொளியில் ஒரு கூட்டம். அவர்களுடைய முகாமையாளர் நல்ல மனுசன். எல்லாரையும் பாராட்டிவிட்டு, வேறு ஏதும் பிரச்சினை உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கையை உயர்த்தினாள். தன்னுடைய ஆங்கிலத்தில், சொல் சொல்லாகத் தேடி, "ஆகக் கூடுதலாகக் காத்திருக்கிறவர்கள் உங்கள் எண்ணுக்குள் இல்லை," என்றாள்.

முகாமையாளர் முன்னால் சாய்ந்து, அதன் அர்த்தம் என்ன என்று கேட்டார். அவள் அடுத்த வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன். சரளமான ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு, "இவர் தொலைபேசிப் பகுதியிலிருந்து வந்தவர். சராசரி எப்படி எடுப்பது என்பது இவருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்," என்றேன். அந்தப் பக்கம் சிரித்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் பொடியளும் சிரித்தார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். இதை எழுதும்போது என் காது சுடுகிறது. அன்றைக்குச் சுடவில்லை, அதுதான் வெட்கம். அன்றைக்கு நான் கெட்டிக்காரன் என்றே நினைத்தேன்.

அன்றிலிருந்து அவள் என்னை அண்ணை என்று கூப்பிடவில்லை. மேலதிகாரியை அழைப்பதுபோல 'சேர்' என்றாள்.

மூன்று கிழமை கழித்து வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். தீவிலுள்ள மூன்று தாதிமாரின் கணக்குகளுக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ தினமும் நுழைகிறார்கள், இது உங்களுக்குத் தெரியுமா? பதில் எழுத வேண்டியவன் நான். எனக்குத் தெரியும், நான்தான் காரணம், என் இருபது செக்கனால்தான் அவள் அப்படிச் செய்கிறாள் என்று மூன்று வரி எழுதியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று எழுதினேன். போதாததற்கு, நோயாளரின் அந்தரங்கம் இப்படி மீறப்பட்டது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது என்றும் எழுதினேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை.

கொழும்புத் தலைமை அலுவலகம் அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. கடிதத்தைக் கையில் கொடுக்கும் வேலையும் என்னிடம்தான் வந்தது. அவள் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

"தெரியாதெண்டே எழுதினனீங்கள், சேர்?"

"நிலைமை அப்பிடி. நீர் விளங்கிக்கொள்ள வேணும். பதினொரு பேற்றை வேலை."

வாயில் வந்த எண்ணைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவளை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியாது. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த மூண்டு பேருக்கும் ஆர் சொல்லுறது, இனி நான் இல்லையெண்டு? பதினொரு மணிக்கு எடுத்துப்போட்டுக் காத்துக்கொண்டிருப்பினம்."

"நான் சொல்லுறன்," என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த நாள் பதினொரு மணிக்கு அவளுடைய மேசைத் தொலைபேசி அடித்தது. நெடுநேரம் அடித்தது. அதற்கடுத்த நாளும் அடித்தது. மூன்றாம் நாள் அந்த இணைப்பைக் கழற்றச் சொன்னேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம். போன மாதம் மகளின் பாடசாலைப் படிவத்துக்குப் பிரதி எடுக்க நெல்லியடியில் ஒரு கொமினிகேசனுக்குள் நுழைந்தேன். பிரதி எடுப்பது, போனுக்கு றீலோட் போடுவது, இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, எல்லாம் நடக்கிற சின்னக் கடை. கணினிக்குப் பின்னால் அவள் இருந்தாள். பக்கத்தூருக்குக் கல்யாணம் கட்டி வந்திருக்கிறாளாம். எனக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் போல் இருந்தது. அதற்குள் கண்டுவிட்டாள்.

"அண்ணை," என்றாள். "எப்பிடி இருக்கிறியள்? இருங்கோ, இருங்கோ." கதிரையிலிருந்த காகிதக் கட்டை அவளே தூக்கிக் கீழே வைத்தாள்.

இருந்தேன். வீடு, பிள்ளைகள் என்று கதைத்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது, வாய் திறக்கவில்லை. பிரதிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே அவள்தான் கேட்டாள்.

"அண்ணை, அந்த இருபது செக்கனை மாத்தினீங்களோ?"

குத்தலாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நல்ல செய்தி ஒன்றைக் கேட்க ஆசைப்படும் ஆளைப் போல முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஓம்," என்றேன். "நீர் போன அடுத்த கிழமையே மாத்தியாச்சு."

"அப்பாடா," என்றாள். "எனக்கு அதுதான் மனசுக்குள்ளை கிடந்தது. வேலை போனது பரவாயில்லை அண்ணை, அதாலை எண்டாலும் மாத்தினியள்." பிறகு, "அவைக்குச் சொன்னீங்களோ, நான் இல்லையெண்டு?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவை?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "கவலைப்பட்டவை," என்றேன். "உம்மைக் கேட்டதாச் சொல்லச் சொன்னவை."

"அந்த வயது போன மனுசியோ?"

"அவதான். மற்றவையும்தான்."

அவள் பிரதி எடுக்கும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் எடுத்தது திரும்புவதற்கு. கண் நனைந்திருந்தது, முகம் சிரித்தபடி இருந்தது. என் கையில் படிவங்களைத் தந்து, நல்லதுகள் அண்ணை, நல்ல சனம் என்றாள். தானே பக்கத்தைத் திறந்து பார்க்காமல் யாருடைய சொல்லையும் ஏற்காதவள் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அந்த எண்ணை மாற்றுவது அரை நிமிட வேலை. அதற்கான உரிமை எங்கள் அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது. இன்று காலை பதினொரு மணிக்கும் அந்த எண் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். இருபது என்று இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாற்றாமல் மூடினேன்.